கபீல் என்பவர் யார்?

‘கபீல்’ என்ற சொல் நமது வீடுகளுக்கு வந்த வழி வேறு. கிதாபுகளில் அது இருந்த இடம் வேறு. நமது ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் வளைகுடா நாடுகளுக்குப் புறப்படத் தொடங்கிய பின்னரே இச்சொல் சமையலறை வரை வந்து சேர்ந்தது. பயணம் போன பிள்ளை முதல் தடவை தொலைபேசியில் பேசும்போது, “கபீல் நல்லவரா மகன்?” என்று கேட்காத உம்மா இல்லை. கபீல் நல்லவர் என்றால் சம்பளம் ஒழுங்காக வரும், லீவு கிடைக்கும். நல்லவர் இல்லை என்றால், பிள்ளையின் கடவுச்சீட்டு அவரது இரும்புப் பெட்டியில் இருக்கும். அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கோ இச்சொல் வேறொரு மனிதரை நினைவூட்டும். இன்னொருவரின் கடனைத் தன் தோளில் ஏற்பவர், அநாதையைப் பொறுப்பேற்று வளர்ப்பவர், மர்யம் (அலை) அவர்களை வளர்த்த ஸகரிய்யா (அலை) அவர்கள் போன்றவர்தான் அங்கே கபீல். சொல் ஒன்றுதான். ஆனால் ஒரு பொருளில் கபீல் சுமப்பவர். மற்றொன்றில் பிடித்து வைத்திருப்பவர். ஒருவருக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுபவர், அக்கையெழுத்தின் மூலம் அவர் மீது உரிமை ஒன்றைப் பெறுகிறாரா? அல்லது கடமை ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்கிறாரா?

இக்கேள்வியை ரியாதையோ தோஹாவையோ பார்த்து நான் கேட்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கேட்கிறேன். ஏனெனில் அங்கே நானும் ஒரு காலத்தில் கபீலாக இருந்திருக்கிறேன்.

*

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து சென்றால், மொழி வகுப்புகளின் பெயர்ப்பலகைகளை எண்ணி முடியாது. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று வீட்டு மாடிகளிலும் முன் விறாந்தைகளிலும் நடக்கும் வகுப்புகள் அவை. கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். இவ்வகுப்புகளில் பலவற்றை நிரப்பியது மொழி ஆர்வம் அல்ல, விசாவே. வெளிநாட்டிலுள்ள கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விரும்புபவர் புறப்படும் முன்னரே அடிப்படை ஜெர்மன் கற்றிருக்க வேண்டும் என்று 2007இல் ஜெர்மனி சட்டம் செய்தது. ஆங்கிலம் தொடர்பாக 2010இல் பிரித்தானியாவும் அவ்வாறே செய்தது. நிக்காஹ் முடித்துவிட்டோ தாலி கட்டிவிட்டோ, ‘ஸ்பொன்சர் பேப்பர்’ வரும் வரை காத்திருப்பவர்கள்தான் அந்த வாங்குகளில் அமர்ந்திருந்தார்கள். எங்கோ ஒருவர் இடும் கையெழுத்துக்காகக் காத்திருந்தோர் அவர்கள்.

அத்தகைய ஆங்கில வகுப்பு ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தினோம். நான் செயலாளர். வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் இருந்தால் பிள்ளைகள் கூடுவார்கள் என்பது அனைவரதும் கருத்து. கேரளத்திலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை வரவழைத்தோம். அப்போது புஞ்சி பொரளையில் இயங்கிய குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அவருடன் போய், அவருக்குப் பொறுப்பு நாங்கள் என்று கையெழுத்து வைத்தவனும் நான்தான். ஒரு வருட வதிவிட விசா கிடைத்தது. “பத்திரமாக இருக்கட்டும் சேர்” என்று சொல்லி அவரது கடவுச்சீட்டை வாங்கி அலுவலக அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் மறுத்ததாக நினைவில்லை. மறுக்கக்கூடிய நிலையில் அவர் இருந்தாரா என்று நான் யோசித்ததாகவும் நினைவில்லை.

அவர் நல்ல ஆசிரியர். பிள்ளைகள் பிழையாகப் பேசினால் சிரிக்க மாட்டார். அவர்களை மீண்டும் ஒரு தடவை பேசச் சொல்வார். கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். ஏழெட்டு மாதங்களுக்குப் பின்னர், அவரது அறைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த இன்னொரு நிறுவனம் கூடுதல் சம்பளத்துக்கு அவரை அழைத்தது. பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டுவருமாறு கேட்டிருந்தார்கள். அவர் அதை எங்களிடம் கேட்டார்.

நிர்வாகம் கூடியது. எங்களில் மூத்தவரான ஹாஜியார் சொன்னதை நான் மறக்கவில்லை. “எங்கட கையெழுத்திலதானே அவர் இந்த நாட்டில நிக்கிறாரு. நாங்க ஏன் இன்னொருத்தருக்கு ஆள் குடுக்கோணும்?” யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. கடிதம் கொடுப்பதில்லை என்றும், இன்னும் ஒரு வருடத்துக்கு எங்களிடம் இருக்க ஒப்புக்கொண்டால் மட்டுமே விசாவைப் புதுப்பிப்பது என்றும் முடிவாயிற்று. அம்முடிவை ஆங்கிலத்தில் எழுதி அவரிடம் கொடுத்தவனும் நான்தான்.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய வருடம் எனது வாப்பா மௌத்தானார். தம்மாமில் இருந்த தம்பியால் ஜனாஸாவுக்கு வர முடியவில்லை. அவனது கபீல் வெளியூர் போயிருந்தார். அவர் அனுமதிக்காமல் அவனால் நாட்டை விட்டுப் புறப்பட முடியாது. மையித்து வீட்டில் நின்றுகொண்டு அந்தக் கபீலை நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. அதே நான்தான், வெள்ளவத்தையில் அலுமாரித் திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த நிர்வாகக் கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். இரண்டும் ஒன்று என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

*

எங்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆசிரியரை வரவழைக்கப் பணம் செலவாயிற்று. பெற்றோரிடம் முழுப் பாடநெறிக்கும் கட்டணம் வாங்கியிருந்தோம். அவர் திடீரென்று போனால் பிள்ளைகளின் வகுப்பு நடுவழியில் நிற்கும். அவர் எங்காவது மறைந்து போனால் திணைக்களம் எங்களையே கேட்கும். அடுத்த தடவை எங்களது கையெழுத்துக்கு மதிப்பிராது. இவை யாவும் உண்மைதான்.

ஆனால் இங்கே இரண்டு விடயங்கள் ஒன்றாகக் குழம்பிப் போயிருந்தன. எங்களுக்கும் அவருக்கும் இடையில் இருந்தது வேலை ஒப்பந்தம். அதை ஒருவர் முறித்தால் எத்தனை வாரம் முன்னறிவித்தல் தர வேண்டும், எந்தச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று கணக்குப் பார்க்கலாம். அது கடன், கொடுத்துத் தீர்த்துக்கொள்ளக் கூடியது. எங்களுக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் இருந்ததோ பொறுப்புக் கையெழுத்து. இவருக்கு நாங்கள் உத்தரவாதம் என்பதே அதன் பொருள். அது அரசுக்கு நாங்கள் கொடுத்த வாக்கே தவிர, இவரை எங்களுக்கு எழுதிக் கொடுத்த உறுதியல்ல. நாங்கள் செய்தது என்னவென்றால், முதலாவதில் எங்களுக்கு இருந்த சிறிய உரிமையை நிலைநாட்ட இரண்டாவதில் கிடைத்த பெரிய அதிகாரத்தைப் பயன்படுத்தினோம். இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான ஒரு வழக்குக்காக, ஒரு மனிதர் இந்நாட்டில் இருக்கலாமா, கூடாதா என்பதையே பணயமாக வைத்தோம்.

கஃபாலத் பற்றிய பாடத்தை மார்க்கச் சட்ட நூல்களில் வாசிக்கும்போது இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. கஃபாலத் என்பது தானமாகச் செய்யும் உபகாரம்; வியாபாரம் அல்ல. ஒருவருக்குப் பொறுப்பு நிற்பதற்காகக் கூலி பெறுவதைச் சட்ட அறிஞர்களில் பெரும்பான்மையோர் அனுமதிக்கவில்லை. பணத்துக்குப் பொறுப்பு நிற்பது போல, ஓர் ஆளை உரிய இடத்தில் முன்னிலைப்படுத்துவதாகப் பொறுப்பு நிற்பதும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், அந்த ஆளின் சம்மதமில்லாமல் அப்பொறுப்பு செல்லாது என்பதே வலுவான கருத்தாகும். பொறுப்பேற்கப்படுபவர் அங்கே பொருளாகக் கருதப்படவில்லை. சம்மதம் சொல்ல உரித்துள்ள மனிதராகவே கருதப்படுகிறார்.

ஸஹீஹுல் புகாரியில் கஃபாலத் பாடத்துக்குள் வரும் ஒரு நிகழ்ச்சி எல்லோரும் அறிந்தது. ஒரு ஜனாஸா கொண்டுவரப்படுகிறது. அம்மனிதருக்குக் கடன் உண்டு, அதை அடைக்க எதுவும் விட்டுச் செல்லவில்லை என்று தெரிந்ததும், தோழர்களே தொழுகை நடத்தட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஒதுங்குகிறார்கள். அப்போது அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடன் என் பொறுப்பு என்று சொல்லவே, நபியவர்கள் முன்வந்து தொழுகை நடத்துகிறார்கள். அபூ கதாதா அவர்கள் அந்த மையித்திடமிருந்து எதை எதிர்பார்த்திருக்க முடியும்? நன்றி சொல்லக்கூட அங்கே ஆளில்லை. கஃபாலத் என்ற சொல்லின் தூய வடிவம் இதுதான். பொறுப்பேற்றவரின் தோளில் பாரம் ஏறியது. பொறுப்பேற்கப்பட்டவர் விடுதலையாகிப் போனார். எங்களது கஃபாலத்தில் இது அப்படியே தலைகீழாக நடந்தது.

*

அந்நியன் ஒருவன் ஓர் ஊரில் இருப்பதற்கு இன்னொருவரின் வாக்கு வேண்டும் என்ற முறை புதியதல்ல. அன்றைய அறபிகள் அதை ஜிவார் என்று அழைத்தார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், தாயிஃபிலிருந்து துயரத்துடன் திரும்பிய நபி (ஸல்) அவர்களே, தாம் பிறந்த மக்காவுக்குள் நுழைய அத்தகைய ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. இருவரிடம் ஆளனுப்பிக் கேட்டபோது அவர்கள் காரணம் சொல்லி மறுத்தார்கள். இஸ்லாத்தை ஏற்காதவரான முத்இம் இப்னு அதீ சம்மதித்தார். தம் பிள்ளைகளை ஆயுதம் தரிக்கச் செய்து, கஃபா வரை பாதுகாப்புக் கொடுத்தார். அதற்குப் பதிலாக அவர் எதையும் கேட்டதாக வரலாறு சொல்லவில்லை. பின்னாளில் பத்ர் கைதிகளைக் குறித்துப் பேசும்போது, முத்இம் உயிருடன் இருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்துப்பட நபியவர்கள் சொன்னார்கள். நிபந்தனையில்லாமல் கொடுக்கப்பட்ட பாதுகாப்பை அவர்கள் அத்தனை வருடங்களுக்குப் பின்னரும் மறக்கவில்லை.

இன்னொரு ஜிவாரும் உண்டு. ஊரை விட்டுப் புறப்பட்ட அபூபக்ர் (ரலி) அவர்களை வழியில் கண்ட இப்னுத் தஃகினா, உங்களைப் போன்றவர் வெளியேறக் கூடாது என்று திருப்பி அழைத்துவந்து பொறுப்பு நின்றார். வீட்டுக்குள்ளேயே தொழட்டும், ஓதட்டும் என்று குறைஷியர் நிபந்தனை போட்டார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் வீட்டு முற்றத்தில் ஓதத் தொடங்க, பெண்களும் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். குறைஷியரின் நெருக்குதல் வரவே, நிபந்தனைக்கு உட்படுங்கள், அல்லது எனது பொறுப்பைத் திருப்பித் தாருங்கள் என்று இப்னுத் தஃகினா கேட்டார். அல்லாஹ்வின் பாதுகாப்பு எனக்குப் போதும் என்று சொல்லி அபூபக்ர் (ரலி) அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இமாம் புகாரி இந்நிகழ்ச்சியையும் கஃபாலத் பாடத்தினுள்தான் வைத்திருக்கிறார். இதை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் இப்னுத் தஃகினாவைப் பற்றி நான் யோசிப்பதுண்டு. முத்இமின் உயரத்துக்கு அவர் போகவில்லை. நெருக்குதல் வந்ததும் தளர்ந்துவிட்டார். ஆனாலும் அவர் ஒன்றைச் செய்யவில்லை. தாம் பொறுப்பு நின்ற மனிதரைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. பொறுப்பைத் திருப்பித் தரும் வழியைத் திறந்தே வைத்திருந்தார். எங்களது அலுவலக அலுமாரிக்கு அந்த வழியும் இருக்கவில்லை.

*

இது எங்களூரில் மட்டும் நடப்பது அல்ல. தென்கொரியாவில் ஹக்வொன் எனப்படும் தனியார் வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்க, ஆங்கிலம் பேசும் 7 நாடுகளைச் சேர்ந்தோர் ‘ஈ-2’ என்னும் விசாவில் போகிறார்கள். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேறிடம் மாற விரும்பினால், பழைய உரிமையாளரின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். அமெரிக்கரானாலும் ஐரிஷ்காரரானாலும் அக்கடிதத்துக்கு முன்னால் அவரும் எங்கள் கேரள ஆசிரியரும் ஒன்றே. ஜப்பானில் விசா ஆசிரியரின் பெயரிலேயே இருக்கிறது. ஒரு முதலாளியுடன் அது கட்டப்படவில்லை. 2007 ஒக்டோபரில் அந்நாட்டின் மிகப் பெரிய ஆங்கில வகுப்பு நிறுவனமான நோவா வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமின்றி நின்றார்கள். சிலர் உணவுப் பொருள் பெற்றுக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். துன்பம்தான். ஆனால் நிறுவனம் விழுந்ததனால் மட்டும் அவர்கள் நாட்டில் இருக்கும் உரிமை விழுந்துவிடவில்லை. அங்கேயே வேறு வேலை தேட முடிந்தது. ஒரு மனிதர் இருப்பதும் அவர் ஊழியம் செய்வதும் இரண்டு வெவ்வேறு விடயங்கள் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டால் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு இது உதாரணம்.

வளைகுடாவிலும் கதவு சற்றுத் திறந்திருக்கிறது. வேலை மாறுவதற்கு முதலாளியின் ஆட்சேபனையின்மைக் கடிதம் வேண்டும் என்ற விதியைக் கட்டார் 2020இல் நீக்கியது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில், நிபந்தனைகளுடன், வேலை மாறவும் நாட்டை விட்டுப் போய் வரவும் முதலாளியின் சம்மதத்தைக் கட்டாயமற்றதாக்கியது. வீட்டுப் பணியாளர்களை அச்சீர்திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை; நமது ஊர்ப் பெண்கள் பெருமளவில் போனது அவ்வேலைக்குத்தான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் ஆசிரியர்களுக்கென்றே ஒரு பக்கம் உண்டு. பத்ர் யுத்தத்தில் பிடிபட்ட கைதிகளில் மீட்புப் பணம் கொடுக்க வசதியற்ற, ஆனால் எழுதத் தெரிந்த சிலர், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு விடுதலையானதாகச் சீறா நூல்கள் தெரிவிக்கின்றன. பின்னாளில் குர்ஆனைத் தொகுத்த ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களும் அப்படிக் கற்றவர்களில் ஒருவர் என்பர். அவர்கள் நேற்று வரை வாளோடு வந்த எதிரிகள். ஆனாலும் அவர்களது ஆசிரியத் தொழிலுக்கு ஓர் அளவு சொல்லப்பட்டது. அளவு முடிந்ததும் கதவு திறந்தது. ஓர் ஆசிரியர் நன்றாகக் கற்பிக்கிறார் என்பதற்காக அவரை விட மறுப்பது எங்கிருந்து நமக்கு வந்தது?

*

நாம் பிறர் ஊரிலிருந்து வந்த ஆசிரியர்களால் எழுந்த சமூகம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் இலங்கைக்கு வந்து போனபோது விசா என்ற பேச்சே இல்லை. 1883இல் நாடு கடத்தப்பட்டு வந்த எகிப்தின் ஒறாபி பாஷா, 1901 வரை இங்கிருந்து போக முடியாதவராக இருந்தார். சித்திலெப்பை போன்றோருடன் அவரது ஊக்கமும் சேர்ந்துதான் 1892இல் மருதானையில் ஸாஹிறாவாக வளர்ந்த பாடசாலை பிறந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்தது. கடலுக்கு அப்பால் பிறந்த வியாபாரியும் ஆசிரியரும் தற்காலிக வதிவிட அனுமதிக்காக அலைய வேண்டியவர்களானார்கள்.

வெளியேறு என்ற சொல்லின் கனமும் நமக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர், தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லையென்று பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்த இடைக்கால உத்தரவிட்டது. அவர்கள் இந்நாட்டுப் பிரசைகள். சொந்த நாட்டிலேயே தங்கியிருக்கக் காரணம் காட்ட வேண்டியிருந்தது.

2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னர், அந்த மே மாதத் தொடக்கத்தில், சுமார் 200 மார்க்கப் போதகர்கள் உட்பட 600க்கு மேற்பட்ட வெளிநாட்டவர் வெளியேற்றப்பட்டதாக அன்றைய உள்நாட்டலுவல்கள் அமைச்சர் வஜிர அபேவர்தன தெரிவித்தார். விசாக் காலம் கடந்து தங்கியிருந்தார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அரசின் நோக்கத்தைப் பற்றி நாம் நிறையப் பேசினோம், பேசியது சரியே. நமக்குள் கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் அதிகம் கேட்கவில்லை. மத்ரஸாவுக்கோ வகுப்புக்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவரை அழைத்தால், அவரது விசாத் திகதியை நினைவில் வைத்திருப்பது யாருடைய கடமை? மொழியும் அலுவலகமும் தெரியாத அந்த மனிதருடையதா, கையெழுத்து வைத்து அவரை வரவழைத்த நம்முடையதா?

அழைப்பவர் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒருவரின் கடவுச்சீட்டு அவரது கையிலேயே இருக்க வேண்டும். சம்பளமும் முன்னறிவித்தலும் அவருக்குப் புரியும் மொழியில் முதலிலேயே எழுதப்பட வேண்டும். விசாவைப் புதுப்பிப்பதைப் பேரம் பேசும் பொருளாக்கக் கூடாது. போக விரும்புபவருக்கு, கணக்கு ஏதும் இருந்தால் அதைத் தனியே தீர்த்துக்கொண்டு, விடுவிப்புக் கடிதத்தைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். சட்டம் நமக்கு அதைவிடக் கூடிய அதிகாரத்தைத் தந்திருக்கலாம். சட்டம் தந்த அதிகாரம் எல்லாவற்றையும் பயன்படுத்துவது நமக்கு ஆகுமானது என்று எவர் சொன்னார்? தம்மாமில் இருந்த அந்தக் கபீலும் தனது நாட்டுச் சட்டத்தை மீறியவர் அல்லர்.

எங்கள் ஆசிரியர் இன்னொரு வருடத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. விசா முடியும் வரை வந்து, ஒரு நாளும் தவறாமல் பாடம் நடத்தினார். கடைசி நாளன்று அலுமாரியைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, நின்ற இடத்திலேயே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு, “தேங்க் யூ” என்றார்.

அந்த நன்றிக்கு நான் எதையும் செய்திருக்கவில்லை. அவரது பொருளை அவரிடம் கொடுத்தேன், அவ்வளவுதான். இரண்டு வருடங்களின் பின்னர் லீவில் வந்த தம்பி, இப்போதைய கபீல் பரவாயில்லை, பாஸ்போட்டைக் கையிலேயே தந்துவிட்டார் என்று அவரைப் புகழ்ந்து பேசினான். வீட்டில் எல்லோரும் அந்தக் கபீலுக்காக துஆச் செய்தார்கள். நான் மட்டும் எழுந்து முற்றத்துக்குப் போனேன்.